ஃபேட்டி லிவரும் கல்லீரலைக் காக்கிற புரதங்களும்: மன்னார்குடித் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். வயது 42, எடை 74 கிலோ, உயரம் 5 அடி 6 அங்குலம், குடிப்பழக்கம் கிடையாது. வேறு ஏதோ வயிற்று வலிக்கு எடுத்த ஸ்கேனில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று எழுதி வந்திருக்கிறது. ரத்தப் பரிசோதனையில், கல்லீரல் செல் அடிபட்டால் ஏறுகிற எஸ்ஜிபிடி 68, எஸ்ஜிஓடி 46, பிளேட்லெட் 2.1 லட்சம். பயந்துபோய் இணையத்தில் தேடியதில் ‘கல்லீரலைக் காக்கும் புரதங்கள்’ என்று எதையோ படித்திருக்கிறார். அதே வாரம் மருந்துக்கடையில் கல்லீரலுக்கு நல்லது என்று ஒரு புரோட்டீன் பவுடர் டப்பாவும் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் புரதமும் இந்தப் புரதமும் ஒன்றா, வாங்கிச் சாப்பிட்டால் கொழுப்பு கரையுமா, அந்தப் புரதங்கள் உள்ளே உண்மையில் என்னதான் செய்கின்றன என்று மூன்று கேள்விகள்.

முதல் இரண்டுக்கும் சேர்த்து ஒரே வரி: ஒன்றில்லை, கரையாது. நாம் வாயில் போடுகிற புரதம் எதுவானாலும், பருப்போ மீனோ முட்டையோ டப்பா பவுடரோ, குடலுக்குப் போனதும் அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். கல்லீரலுக்குப் போய்ச் சேர்வது அந்த உதிரிகள்தான். அதை வைத்துத் தனக்கு வேண்டிய புரதத்தைக் கல்லீரல் தானே கட்டிக்கொள்கிறது, எதை எவ்வளவு கட்டுவது என்பதும் அதன் முடிவு. வீட்டு வாசலில் ஒரு லோடு செங்கல் இறக்கினால் மாடிப்படி தானாக எழும்பிவிடாது. சாப்பாட்டில் புரதம் குறைவாக இருக்கிறவர் கூட்டிக்கொள்வது நல்லதுதான், நம் பக்கம் நிறைய பேருக்குக் குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்குச் சுண்டலும் முட்டையும் மீனும் போதும். ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்த கேள்வி. நான் மருந்து எழுதிக் கொடுக்கிற டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் முப்பது வருஷம் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது கும்பகோணத்தில் உட்கார்ந்திருக்கிறவன். போன வருஷம் எனக்கும் ஸ்கேனில் கிரேடு 1 வந்தது, அதனால் கொஞ்சம் சொந்தக் கதையும் கலந்து வரும்.

ஃபேட்டி லிவர் உள்ள கல்லீரலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் ஒரு வேடிக்கை. செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் தெரியாது, வெள்ளை வெளேரென்று வட்ட வட்டமாக ஓட்டைகள்தான் தெரியும். சதைத் துண்டை மெழுகில் பதிப்பதற்காக ஆல்கஹாலிலும் சைலீனிலும் முக்கியெடுக்கும்போது கொழுப்பெல்லாம் கரைந்து போய்விடுகிறது. மாணவர்கள் முதல் முறை பார்த்துவிட்டு “சார், ஸ்லைடு கெட்டுப் போச்சு” என்பார்கள். கெட்டுப்போகவில்லை, கொழுப்பு உட்கார்ந்திருந்த இடம் அது. செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் இப்படி இருந்தால் ஃபேட்டி லிவர் என்று பெயர். 2023-இல் நிபுணர்கள் கூடி இதன் ஆங்கிலப் பெயரையே மாற்றினார்கள். ‘குடியால் வராதது’ என்றிருந்த பழைய பெயரை எடுத்துவிட்டு, உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்து வருவது என்று பொருள் படும்படி வைத்தார்கள். குடிக்காதவருக்கு எப்படி வந்தது என்று உங்கள் வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது? 2005-இல் அமெரிக்காவில் 9 நோயாளிகளிடம் கொழுப்புக்கு அடையாளக் குறி போட்டுப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கல்லீரலில் இருந்த கொழுப்பில் 59 சதவீதம் உடம்பின் கொழுப்புத் திசுக்களிலிருந்து ரத்தம் வழியாக வந்தது. 26 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் கல்லீரலே புதிதாகச் செய்தது. நேரே சாப்பாட்டுக் கொழுப்பிலிருந்து வந்தது 15 சதவீதம்தான். எண்ணெயை மட்டும் நிறுத்திவிட்டு, சோற்றையும் சர்க்கரையையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஸ்கேன் மாறவில்லையே என்று அங்கலாய்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இனி புரதங்கள். இதைச் சொல்ல எனக்கு நம் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தை விடப் பொருத்தமான உதாரணம் கிடைக்கவில்லை. சம்பா அறுவடை நேரத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெஷின் இறங்கி ஒரே வாரத்தில் ஊரே அறுத்துவிடுகிறது, டிராக்டர் டிராக்டராக நெல் வந்து களத்தில் குவிகிறது. அங்கே ஈரப்பதம் பார்க்க ஒருவர், தூற்ற மெஷின், 40 கிலோ சிப்பமாகப் பிடிக்க ஆட்கள், சாக்கு, தைக்கச் சணல், ஏற்றிப் போக லாரி. இத்தனையும் ஒழுங்காக நடந்தால் குவியல் வந்த வேகத்தில் போய்விடும். ஒரு வருஷம் எங்கள் பக்கத்தில் பத்து நாள் சாக்கு வரவில்லை. தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்துவிட்டு வீட்டுக்கும் களத்துக்குமாக அலைந்தார்கள். பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் அடிக் குவியல் சுடுகிறது, ஒரு கை அள்ளினால் முளை விட்டிருக்கிறது. நெல் அங்கே வந்தது குற்றமில்லை, வந்த நெல் நகராமல் கிடந்ததுதான் குற்றம்.

கல்லீரலும் அப்படித்தான். அங்கே கொழுப்பு வருவது நோயில்லை, அது அன்றாட வேலை. வருகிற கொழுப்பைப் பிடித்துப் பத்திரமாக மூட்டை கட்டுவது, எரிப்பது, வெளியே அனுப்புவது, அப்படியும் மிஞ்சிப்போய்ச் சூடேறினால் அணைப்பது என்று ஒவ்வொன்றுக்கும் புரதங்கள் இருக்கின்றன. ‘காக்கும் புரதம்’ என்று நீங்கள் படித்தது ஏதோ ஒரு கவசம் இல்லை. இந்தக் களத்து ஆட்கள்தான்.

முதலில் மூட்டை கட்டுவது. இதில் பலருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது. கல்லீரல் செல்லுக்கு விஷம், துளித்துளியாகச் சேர்ந்திருக்கிற டிரைகிளிசரைடு (மூன்று கொழுப்பு அமிலங்களைச் சேர்த்துக் கட்டிய கொழுப்பு) இல்லை, கட்டாமல் சுற்றுகிற கொழுப்பு அமிலங்கள், அதிலும் பாமிட்டிக் அமிலம் போன்ற நிறைவுற்ற வகைகள். அவற்றைப் பிடித்து டிரைகிளிசரைடாக மாற்றித் துளியில் அடைப்பதே ஒரு பாதுகாப்புதான். டிஜிஏடி2 என்ற என்சைம் (வேதிவேலை செய்கிற புரதம்) அந்தக் கடைசிக் கட்டுப் போடுகிற ஆள். 2007-இல் எலிகளில் இதை அடக்கிப் பார்த்தார்கள். எதிர்பார்த்தபடி கல்லீரல் கொழுப்பு குறைந்தது, ஆனால் செல் சேதமும் தழும்பும் கூடிவிட்டது. சாக்கைப் பிடுங்கிவிட்டுக் களம் காலியாகிவிட்டது என்று சொல்வது மாதிரி. அதனால் ஸ்கேனில் கொழுப்பு தெரிகிறது என்பதே முழுக் கதை இல்லை. துளியைச் சுற்றிப் போர்வை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிற பெரிலிப்பின் என்ற புரதக் குடும்பமும் இந்த வேலையில் சேர்த்திதான், அதைப் பற்றி நீட்டவில்லை.

அடுத்தது ஏற்றுமதி. கல்லீரல் தன் கொழுப்பை ரத்தத்தில் அனுப்புவது விஎல்டிஎல் என்ற பொட்டலமாக. ஒரு பொட்டலத்துக்கு ஒரே ஒரு அப்போ-பி 100 புரதம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சாக்கு என்று சொன்னால் அதுதான். 4536 அமினோ அமிலங்கள் கோத்த மிகப் பெரிய புரதம். அது உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் கொழுப்பை ஏற்றி வைக்கிற ஆள் எம்டிபி என்ற இன்னொரு புரதம். எம்டிபி வந்து ஏற்றாவிட்டால் அப்போ-பி உருக்குலைந்து, செல்லே அதைத் தின்றுவிடும். பிறவியிலேயே எம்டிபி வேலை செய்யாத குழந்தைகள் அபூர்வமாக உண்டு. அவர்கள் ரத்தத்தில் கொழுப்பு ஏறக்குறைய கிடையாது, குடலிலும் கல்லீரலிலும் தேங்கிக் கிடக்கும். இதே எம்டிபியை அடக்குகிற லோமிட்டபைடு என்ற மருந்தை, மிக அரிய பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய்க்கு 2012-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். ரத்தக் கொலஸ்ட்ரால் இறங்குகிறது, கல்லீரலில் கொழுப்பு ஏறுகிறது. பாடப்புத்தகத்தில் இருந்ததை மருந்தே நிரூபித்துக் காட்டியது.

புரதப் பஞ்சத்தால் குழந்தைகளுக்கு வருகிற குவாஷியோர்கர் நோயில், வயிறு உப்பி ஈரல் கொழுத்திருப்பதையும் இப்படித்தான் விளக்குவோம்: சாக்கு நெய்ய நூல் இல்லை, களத்தில் நெல் தேங்கிவிட்டது. காரணம் அது மட்டுமே இல்லை, ஆனால் அதுவும் ஒன்று. ‘புரதம் சாப்பிட்டால் ஃபேட்டி லிவர் போகும்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் சந்தேகம். பஞ்சத்தில் அடிபட்ட குழந்தைக்குப் பொருந்துவதை 74 கிலோ ஆளுக்குப் பொருத்தினால் எப்படி? உங்களுக்குச் சாக்குத் தட்டுப்பாடு இல்லை தம்பி, வரத்து அதிகம். கல்லீரலில் கொழுப்பு ஏற ஏற விஎல்டிஎல் அனுப்புவதும் கூடிக்கொண்டுதான் போகிறது, ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் லாரி கூடுவதில்லை, வரத்து மட்டும் கூடுகிறது. அங்கேதான் தேக்கம்.

லாரி நிறையப் போவதும் நல்லதில்லை என்பது இதில் ஒரு சங்கடம். போகிற இடம் ரத்தக்குழாய். நான் லேபில் இருந்த காலத்தில் சில ரத்த மாதிரிகளை மெஷினில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் இளமஞ்சளாக இருக்காது, கறந்த பால் மாதிரி நிற்கும். டியூபை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விரல் தெரியாது. டிரைகிளிசரைடு ஆயிரத்தைத் தாண்டிய ஆட்கள் அவர்கள். டிஎம்6எஸ்எஃப்2 என்று ஒரு மரபணு இருக்கிறது, 2014-இல் கண்டார்கள். அதில் ஓர் எழுத்து மாறியவர்களுக்கு ஏற்றுமதி மந்தம், அதனால் கல்லீரலில் கொழுப்பு அதிகம், ஆனால் ரத்தக் கொழுப்பும் மாரடைப்பும் குறைவு. கல்லீரலுக்கு எதிரி, இதயத்துக்கு நண்பன். இப்போது ஏற்றுமதிப் புரதத்தைக் கூட்டுகிற மாத்திரை ஒன்று வந்தால் வாங்குவீர்களா? ஃபேட்டி லிவர்காரர்கள் அதிகம் இறப்பது கல்லீரல் கெட்டு இல்லை, இதய நோயால். அதையும் சேர்த்து யோசித்துச் சொல்லுங்கள்.

மிச்சமிருக்கிற நல்ல வழி எரிப்பது. இங்கே மேஸ்திரி பிபிஏஆர்-ஆல்ஃபா என்ற புரதம். இது நேரே எதையும் எரிக்காது. கொழுப்பு அமிலம் வந்து ஒட்டினால், செல்லின் கருவுக்குள் இருந்துகொண்டு எரிக்கத் தேவையான என்சைம்களின் மரபணுக்களையெல்லாம் தட்டி எழுப்பும். பட்டினி கிடக்கும்போது இதற்கு வேலை அதிகம். ஏகாதசி விரதம் கல்லீரலுக்கு நல்லதா என்று ஒருவர் கேட்டார். பகல் பூராவும் சும்மா இருந்தால் மேஸ்திரி வேலையை ஆரம்பிப்பார், உண்மைதான். ஆனால் சோறுதான் கூடாது என்று ராத்திரி ரவா உப்புமாவும் சேமியா பாயசமும் கட்டினால் அவர் போட்டது போட்டபடி எழுந்து போய்விடுவார். இந்த பிபிஏஆர்-ஆல்ஃபாவையும் அதன் தம்பி காமாவையும் சேர்த்துத் தூண்டுகிற சாரோகிளிட்டசார் நம் நாட்டிலேயே உருவான மருந்து. 2013-இல் சர்க்கரை நோயாளிகளின் டிரைகிளிசரைடுக்காக வந்தது, 2020-இல் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்த கல்லீரல் நோய்க்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தது. உங்கள் டாக்டர் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் அது இந்தக் கதைதான்.

அதே மேஸ்திரியின் உத்தரவில் கல்லீரல் செய்து வெளியே அனுப்புகிற ஒரு ஹார்மோன் புரதம் எஃப்ஜிஎஃப்21. 2000-இல் ஜப்பானில் கியோட்டோவில் கண்டுபிடித்தார்கள், 2005-இல்தான் இது சர்க்கரையையும் கொழுப்பையும் ஆள்கிறது என்று தெரிந்தது. கொழுப்பை எரிக்கச் சொல்கிறது, புதிதாகச் செய்வதைக் குறைக்கிறது, மூளைக்குப் போய் இனிப்பின் மேல் இருக்கிற ஆசையைக்கூட அடக்குகிறது. ‘காக்கும் புரதம்’ என்ற பட்டத்துக்கு உண்மையிலேயே தகுதியானது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் ஃபேட்டி லிவர் உள்ளவர்கள் ரத்தத்தில் இது குறைவாக இருக்காது, அதிகமாகவே இருக்கும்! ஆரம்ப சர்க்கரை நோயில் இன்சுலின் அதிகமாக இருந்தும் வேலை நடக்காதது போல, கத்திக் கத்திக் கூப்பிட்டும் கேட்பார் இல்லாத நிலைமை என்று பலர் நினைக்கிறார்கள். உடம்பில் இயற்கையாகச் சுரப்பது ஓரிரு மணி நேரத்தில் அழிந்துவிடுகிறது, அதனால் நீடித்து நிற்கும்படி மாற்றிய வடிவங்களை ஊசியாகப் போட்டுச் சோதிக்கிறார்கள். எஃப்ருக்ஸிஃபெர்மின், பெகோசாஃபெர்மின் என்று இரண்டு, நடுக்கட்டச் சோதனைகளில் நல்ல பலன் காட்டியவை. ஊசி என்பதைக் கவனியுங்கள். இது புரதம், வாயில் போட்டால் சுண்டலோடு சுண்டலாக ஜீரணமாகிவிடும்.

இப்போது கதை தலைகீழாகிற இடம். 2008-இல் டாலஸ் நகர மக்களிடம் நடந்த ஆய்வில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் குழு பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவைப் பிடித்தது. அதன் புரதத்தில் 148-ஆம் இடத்தில் ஐசோலூசினுக்குப் பதில் மெத்தியோனின் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு, அழற்சி, தழும்பு எல்லாவற்றுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. புரதம் வேலை செய்யாததால் வந்த வினை என்றுதான் எல்லோரும் முதலில் நினைத்தார்கள். பார்த்தால், எலியில் அந்த மரபணுவை அடியோடு எடுத்துவிட்டாலும் ஒன்றும் ஆவதில்லை. மாறிப்போன புரதம்தான் பிரச்சினை: வழக்கமாக வேலை முடிந்த புரதத்தைச் செல் முத்திரை குத்திக் குப்பைக்கு அனுப்பும், இது போக மறுத்துக் கொழுப்புத் துளி மேலேயே குவிந்து உட்கார்ந்துகொள்கிறது. உட்கார்ந்ததோடு விடாமல், கொழுப்பை வெட்டுகிற ஏடிஜிஎல் என்ற என்சைமின் கையாளையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரிட்டயர் ஆகியும் தராசை விட்டு எழுந்திருக்காத ஆள் மாதிரி. அவர் எடையும் போடுவதில்லை, போடுகிறவரையும் விடுவதில்லை.

அடுத்தது இன்னும் விசித்திரம். எச்எஸ்டி17பி13 என்று கொழுப்புத் துளி மேல் ஒட்டியிருக்கிற ஓர் என்சைம். 2018-இல் வந்த பெரிய மரபணு ஆய்வில், இது உருப்படியாக உருவாகாத மரபணு வகை உள்ளவர்களுக்கு ஃபேட்டி லிவர் முற்றிக் கெடுவது குறைவு என்று தெரிந்தது. குடியால் வருகிற கல்லீரல் நோயிலும் அப்படியே. கொழுப்பின் அளவு அவர்களுக்கும் மற்றவர்களைப் போலத்தான், ஆனால் அது அழற்சியாக, தழும்பாக மாறுவது தடைபடுகிறது. 2022-இல் சிஐடிஇபி என்ற இன்னொரு புரதத்துக்கும் இதே மாதிரிச் சேதி வந்தது. ஆக, காக்கிற புரதம் என்று ஒரு பட்டியல் போட உட்கார்ந்தால், பாதிப் பேர் இருந்து காக்கிறார்கள், சிலர் இல்லாமல் இருந்து காக்கிறார்கள். இவர்களை அடக்க, புரதம் உருவாகும் முன்பே தடுக்கிற ஆர்என்ஏ வழி மருந்துகளைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். புரதத்தைக் கூட்டுகிற பவுடர் விற்கிறவரிடம், இதையும் கூட்டிவிடுவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக அணைப்பவர்கள். கொழுப்பு மிஞ்சி, செல்லின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியா திணறும்போது தெறிக்கிற ஆக்சிஜன் கழிவுகளைச் சமாளிக்க என்ஆர்எஃப்2 என்ற புரதம் இருக்கிறது. சாதாரண நாளில் கீப்1 என்ற காவல்காரன் அதைப் பிடித்து அழித்துக்கொண்டே இருப்பான், ஆபத்து வந்தால் பிடியைத் தளர்த்திவிடுவான். உடனே அது கருவுக்குள் போய், அந்தக் கழிவுகளை அடக்குகிற குளுட்டதயோன் தயாரிப்பை முடுக்கிவிடும். வைட்டமின் ஈ இந்த வரிசையில் வெளியாள் உதவி. 2010-இல் சர்க்கரை நோய் இல்லாதவர்களிடம் நாளுக்கு 800 யூனிட் கொடுத்துப் பார்த்ததில் அழற்சி குறைந்தது. தழும்பு உருப்படியாகக் குறையவில்லை. அதிக அளவில் வருஷக்கணக்காகச் சாப்பிடுவதில் வேறு கவலைகள் உண்டு, டாக்டர் சொல்லாமல் தொடாதீர்கள்.

இந்தப் புரதங்களில் எதையாவது ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாமா என்றால், பெரும்பாலானவற்றைச் சாதாரண லேபில் முடியாது, பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. எல்எஃப்டி என்கிற கல்லீரல் பரிசோதனைச் சீட்டில் இருக்கிற எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும், அவ்வளவுதான். அவை நார்மலாக இருந்தும் கல்லீரல் தழும்பேறிப் போனவர்கள் உண்டு. அல்புமின்தான் கல்லீரல் அன்றாடம் செய்து அனுப்புகிற சரக்கு, நாளுக்கு 10 முதல் 15 கிராம். 3.5-க்குக் கீழே இறங்கினால் யோசிக்க வேண்டும், ஆனால் அது ஃபேட்டி லிவரின் தொடக்கத்தில் இறங்காது. முட்டை வெள்ளையில் இருப்பதையும் அல்புமின் என்று சொல்வதால் அதைச் சாப்பிட்டால் இது ஏறும் என்று நினைக்கிறார்கள். பேர் ஒற்றுமை, வேறொன்றுமில்லை.

‘கிரேடு 2’ என்பதற்கும் பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஸ்கேன் பார்க்கிறவர் கல்லீரலின் வெளுப்பைப் பக்கத்திலிருக்கிற வலது சிறுநீரகத்தோடு ஒப்பிட்டு, உள்ளே ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கலாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துப் போடுகிற மார்க் அது. ஆளுக்கு ஆள் மாறும். கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும், தழும்பு இருக்கிறதா என்று சொல்லாது. தழும்புதான் முக்கியம். அதற்கு எஃப்ஐபி-4 என்று காசில்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 42 பெருக்கல் 46, 1932. பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, 210, எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள்: 68-க்கு ஏறக்குறைய 8.25, ஆக 1732. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.1. 1.3-க்குக் கீழே என்பதால் முற்றிய தழும்புக்கான வாய்ப்புக் குறைவு. 2.67-க்கு மேல் போயிருந்தால் உடனே கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்றிருப்பேன். 65 வயது தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.0 என்று வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வயசானவர்கள் எல்லோரும் தேவையில்லாமல் பயப்படுவார்கள். நீங்கள் மூன்று மாத சர்க்கரை, கொலஸ்ட்ரால், ஹெபடைட்டிஸ் பி, சி இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள், சர்க்கரை இருந்தால், கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கிற ஃபைப்ரோஸ்கேன் ஒன்றும் எடுக்கலாம். 2021-இல் இந்திய அரசே ஃபேட்டி லிவரைத் தொற்றா நோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது, அதனால் அரசு மருத்துவமனையில் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

உங்கள் புரதங்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி வரத்தைக் குறைப்பது. எடையில் 5 சதவீதம் குறைந்தால் கல்லீரல் கொழுப்பு குறையும், 7-க்கு மேல் போனால் அழற்சி தணியத் தொடங்கும், 10 சதவீதம் என்றால் தழும்பே பலருக்குப் பின்வாங்குகிறது. உங்கள் 74 கிலோவுக்கு அது 3.7, 5.2, 7.4 கிலோ. ஒரே மாதத்தில் இல்லை, ஆறேழு மாதத்தில். வேகமாகப் பட்டினி போட்டு இறக்கினால் கொழுப்புத் திசுவிலிருந்து வெள்ளமாகக் கிளம்பிக் கல்லீரலுக்குத்தான் போகும், 59 சதவீதக் கணக்கை மறக்காதீர்கள். 74 கிலோ ஒன்றும் அதிகமில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். நம் ஆட்களுக்குக் கொழுப்பு கை காலில் சேராமல் வயிற்றில் சேர்கிறது, அதனால் தராசை விட டேப்பை நம்புங்கள்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போகக் கூடாது.

சோற்றை நான் வில்லனாக்க மாட்டேன். என் அப்பா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார், காலையில் பழையது. ஆனால் வரப்பு வெட்டுவதும் நாற்று முடி தூக்குவதும் அவர் உடம்புதான் செய்தது. இப்போது நடவுக்கு மெஷின், அறுப்புக்கு மெஷின், வயலுக்குப் போக பைக். தட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் செய்தது இவ்வளவுதான்: ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் காயும் பயறும் வைத்தேன், பாட்டில் ஜூஸும் குளிர்பானமும் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் அதில் இருக்கிற ஃபிரக்டோஸ் பெரும்பாலும் கல்லீரலுக்கே போய், அங்கே எளிதில் கொழுப்பாகிறது. அப்புறம், சாயங்காலம் அரசலாற்றங்கரையில் ஒரு மணி நேரம் நடை. எட்டு மாதத்தில் 5 கிலோ. வீட்டம்மா “இவ்வளவு வருஷம் பாடம் நடத்தினீங்களே, அப்ப தெரியாதா” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மருந்து இல்லையா என்றால், இருக்கிறது, தழும்பு நடுத்தரமாக வந்தவர்களுக்கு. ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரை 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, கல்லீரலில் தைராய்டு ஹார்மோன் வந்து ஒட்டுகிற ஏற்பியைத் தூண்டிக் கொழுப்பை எரிக்க வைப்பது. 2025-இல், எடையையும் சர்க்கரையையும் குறைக்கிற செமாகுளுடைடு ஊசிக்கும் இதே நோய்க்காக அனுமதி வந்தது. 1.1 கணக்குள்ள உங்களுக்கு இரண்டும் இப்போது தேவைப்படுகிற கட்டம் இல்லை.

கீழாநெல்லி பற்றி உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மஞ்சள் காமாலைக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கிறோம், ஃபேட்டி லிவருக்கு அது வேலை செய்கிறது என்பதற்கு நம்பும்படியான ஆதாரம் கிடையாது. மூலிகை என்றால் கெடுதல் இல்லை என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள், கோவிட் நேரத்தில் சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் அழற்சி வந்தவர்களை இந்திய டாக்டர்களே பதிவு செய்திருக்கிறார்கள். அவர் கேட்ட இன்னொன்று, காபியை நிறுத்த வேண்டுமா என்பது. வேண்டாம். காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் தழும்பு குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது, கும்பகோணத்துக்காரன் என்பதால் சொல்லவில்லை. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, டிகாஷன் கொஞ்சம் தூக்கலாக, பால் குறைத்து. டபராவில் அடியில் கரையாமல் நிற்குமே இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அதை மட்டும் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.